எரிவாயுக் கம்பெனிக்கு ஒரு மெய்க்கீர்த்தி

சோழ மன்னர்களின் கல்வெட்டில் முதலில் மெய்க்கீர்த்தி வரும். வென்ற நாடுகள், கொண்ட திறைகள், கவிழ்த்த முடிகள் எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் தானமாகக் கொடுத்த நிலத்தின் கணக்கு. அமெரிக்காவின் எரிவாயுக் கம்பெனிகளுக்கு அப்படிப் பாட ஒரு புலவர் வாய்க்காமல் போனது பெருங்குறை. விளம்பரப் படம் எடுத்துத் தர ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பச்சைப் புல்வெளியையும் சிரிக்கும் விவசாயியையும் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையான சாதனை வெளியே வருவதில்லை. பூமிக்குள் இரண்டு கிலோமீட்டர் துளைத்தது ஒரு சாதனையா? இயந்திரம் இருந்தால் யாரும் துளைக்கலாம். துளைத்ததால் கேடு வந்தது என்று எந்தக் குடியானவரும் லேசில் நிரூபித்துவிட முடியாதபடி ஏற்பாடு செய்தார்களே, மெய்க்கீர்த்தி அதற்குத்தான் வேண்டும்.

தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஷேல் என்னும் களிப்பாறைக்குள் மீத்தேன் அடைபட்டுக் கிடக்கிறது. கிணறு நேராக இறங்கி, பாறையைத் தொட்டதும் படுக்கைவாட்டில் திரும்பி, ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடும். தண்ணீர், மணல், ரசாயனங்கள் மூன்றையும் கலந்து பேரழுத்தத்தில் உள்ளே செலுத்துவார்கள். பாறை விரிசல் விடும். விரிசல் மூடிக்கொள்ளாமல் மணல் தாங்கும். வாயு மேலே வரும். கூடவே, செலுத்திய தண்ணீரில் ஒரு பங்கும், பாறைக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்த உப்புநீரும் பேரியம், ரேடியம் சகிதம் ஏறி வரும்.

கம்பெனியார் இதை எவ்வளவு அழகாகச் சொல்வார்கள் தெரியுமா? உள்ளே போவதில் 99.5 விழுக்காடு தண்ணீரும் மணலும்தானாம். பொய்யில்லை. ஒரு கிணற்றுக்கு ஒன்றரைக் கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், மிச்சமுள்ள அரை விழுக்காடு 75,000 லிட்டர் ஆகிறது. நம் ஊர்ப் பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் ஆறு லாரி நிரம்பி, ஏழாவதுக்கும் ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். ஆனால் ‘ஏழு லாரி ரசாயனம்’ என்று சொல்வதில் என்ன நாகரிகம் இருக்கிறது? ‘அரை விழுக்காடு’ என்பதில்தான் அடக்கம் தெரிகிறது. தம் பெருமையைத் தாமே குறைத்துச் சொல்லும் பண்பு பெரிய மனிதர்களுக்கே உரியது.

அடுத்து அவர்களுடைய சட்டப் பணிவு. மற்ற தொழில்காரர்கள் சட்டத்தை மீறி மாட்டிக்கொள்கிறார்கள். மீறுவது விவரமில்லாதவர் வேலை. குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டம் என்று 1974 முதல் அமெரிக்காவில் ஒன்று உண்டு. நிலத்துக்குள் எதைச் செலுத்தினாலும் நிலத்தடி நீர் கெடாதபடி பார்த்துக்கொள்வது அதன் வேலைகளில் ஒன்று. 2005-இல் நிறைவேறிய எரிசக்திக் கொள்கைச் சட்டம், பாறையை விரிசல்விட வைக்கும் இந்த வேலையை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கிவிட்டது. சட்டமே ஒதுங்கி வழிவிட்ட பிறகு அதை மீறுவது எப்படி? அப்போது துணை அதிபராக இருந்தவர் டிக் செனி. 2001-இல் எரிசக்திக் கொள்கை வகுக்கும் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அதற்கு முன்பு, 1995 முதல் 2000 வரை, இந்தத் தொழிலின் முன்னோடியான ஹாலிபர்ட்டன் கம்பெனியின் தலைவராக இருந்தவரும் அவரே. தொழில் தெரிந்தவரே ஆட்சியில் இருந்தால் எவ்வளவு வசதி! பொறாமைக்காரர்கள் இந்த விலக்குக்கு ‘ஹாலிபர்ட்டன் ஓட்டை’ என்று பெயர் வைத்தார்கள். ஓட்டை என்பது தானாக விழுவது. இது வாசல், நிலையும் கதவும் வைத்து முறையாகக் கட்டியது.

அந்த வாசலிலும் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: டீசலைச் செலுத்துவதானால் மட்டும் அனுமதி வாங்க வேண்டும். டீசலில் பென்சீன் இருக்கிறது. பென்சீன் ரத்தப் புற்றுநோய் தரும் என்பது மருத்துவத்தில் பழைய செய்தி. 2005-க்கும் 2009-க்கும் இடையே 19 மாநிலங்களில் ஏறக்குறைய 12 கோடி லிட்டர் டீசலும் டீசல் கலந்த திரவமும் உள்ளே போனதை நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் பின்னால் கண்டுபிடித்தார்கள். அனுமதி கேட்டு ஒருவரும் அரசு அலுவலகத்துக்குப் போய்த் தொந்தரவு கொடுத்ததாகத் தெரியவில்லை. அதிகாரிகளின் நேரத்தை மதிக்கும் குணம் எல்லோருக்கும் வராது.

அதே உறுப்பினர்கள் 2011-இல் இன்னோர் அறிக்கையும் வெளியிட்டார்கள். 14 கம்பெனிகள், ஐந்து ஆண்டுகள், 2,500-க்கும் மேற்பட்ட கலவைகள், அவற்றில் 750 ரசாயனங்கள். பட்டியலில் உப்பும் எலுமிச்சை அமிலமும் இருந்தன. இன்ஸ்டன்ட் காபித் தூள் இருந்தது. வால்நட் கொட்டையின் ஓடு இருந்தது. காபி மணக்க மணக்கத் தொழில் செய்திருக்கிறார்கள். பக்கத்திலேயே பென்சீனும் ஈயமும் இருந்ததை மட்டும் எடுத்துச் சொல்வது கோள்மூட்டுகிறவர்களின் புத்தி. என்னை மெய்சிலிர்க்க வைத்தது வேறொன்று. 279 கலவைகளில் குறைந்தது ஒரு சேர்மானமாவது ‘தொழில் ரகசியம்’. என்ன என்று கேட்டபோது, பல கம்பெனிகளால் பதில் சொல்ல முடியவில்லை. கடையில் வாங்கியதாம், விற்றவருக்குத்தான் தெரியுமாம். ரசப்பொடியின் பக்குவத்தைப் பக்கத்து வீட்டுக்குச் சொல்லாத பாட்டிகூட அதைத் தான் தெரிந்து வைத்திருப்பாள். தனக்கே தெரியாத ரகசியத்தைக் கட்டிக்காப்பது யோகிகளுக்குத்தான் கைவரும்.

ரகசியம் என்றதும் சந்தேகப்படுகிறவர்களுக்கும் பதில் வைத்திருந்தார்கள். அதே 2011-இல், கொலராடோவில் நடந்த தொழில் மாநாட்டில் ஹாலிபர்ட்டன் தலைவர், உணவுத் தொழிலில் புழங்கும் பொருள்களால் செய்த புதுக் கலவை ஒன்றை எல்லோருக்கும் காட்டினார். அது எவ்வளவு பாதுகாப்பானது என்று மெய்ப்பிக்க அங்கேயே குடித்தும் காட்டப்பட்டது. குடித்தவர் தலைவர் இல்லை. மேடைக்குக் கூப்பிட்ட இன்னோர் அதிகாரி. பொறுப்பைப் பகிர்ந்தளிப்பதுதானே தலைமைப் பண்பு.

பென்சில்வேனியா மாநிலம் இந்த ரகசியத்துக்கு அதற்குரிய மரியாதையைக் கொடுத்தது. 2012-இல் வந்த ‘ஆக்ட் 13’ சட்டப்படி, நோயாளியின் உடம்பில் பட்டது என்ன ரசாயனம் என்று மருத்துவர் கேட்டால் கம்பெனி சொல்லியாக வேண்டும். ஆனால், தெரிந்துகொண்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டும். மருத்துவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. அடுத்த தெருவில் அதே கொப்புளத்தோடு இன்னொருவர் வந்தாலும் அது தனித்தனிக் கொப்புளம்தான். மாநில உச்ச நீதிமன்றத்துக்கு இந்த நயம் புரியவில்லை. 2016-இல் அந்தப் பிரிவை அடித்துவிட்டது.

மருத்துவர்கள் பெரியவர்கள். சின்னவர்களையும் கம்பெனியார் மறக்கவில்லை. அதே மாநிலத்தில், கிணறுகளும் கம்ப்ரசர்களும் சூழ்ந்த வீட்டில் இருக்க முடியாமல் வெளியேறிய ஒரு குடும்பத்துக்கு 2011-இல் சமரசமாக ஏழரை லட்சம் டாலர் கிடைத்தது. பதிலுக்கு, எரிவாயு எடுப்பது பற்றி வாழ்நாள் முழுக்கப் பேசக்கூடாது. வீட்டில் ஏழு வயதில் ஒரு குழந்தை, பத்து வயதில் ஒரு குழந்தை. அவர்களுக்கும் இது பொருந்துமா என்று பெற்றோர் கேட்க, ஆம் என்றார் கம்பெனி வழக்கறிஞர். பத்திரிகை ஒன்று வழக்குப் போட்டு நீதிமன்ற ஆவணத்தை வெளியே கொண்டுவந்த பிறகு, குழந்தைகளைக் கட்டுப்படுத்த நாங்கள் நினைக்கவில்லை என்று கம்பெனி விளக்கியது. அதுவரை அந்தக் குழந்தைகளுக்கு நாவடக்கம் இலவசமாகப் போதிக்கப்பட்டது. எந்தப் பள்ளிக்கூடம் இதைச் செய்யும்?

இப்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள், கட்டுமானத்தின் அழகு தெரியும். துளைப்பதற்கு முன்னால் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை யாரும் பரிசோதித்து வைக்கவில்லை. ஆகவே பிறகு கெட்டிருந்தால், முன்பே கெட்டிருக்கலாம். எந்த ரசாயனம் உள்ளே போனது என்று தெரியாது. ஆகவே பரிசோதனைக் கூடம் எதைத் தேடுவது என்று தெரியாமல் தேடும். பாதிக்கப்பட்டவர் பணம் வாங்கிக்கொண்டு வாய்மூடிக் கையெழுத்திடுவார். ஆகவே நீதிமன்றத்தில் தீர்ப்பு என்று ஒன்று இருக்காது. கடைசியில் கம்பெனியார் எழுந்து, கையை விரித்து, ‘ஆதாரம் எங்கே?’ என்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அவர்களைவிடத் தகுதியானவர் யார்? ஆதாரம் எங்கே போனது என்று அவர்களுக்குத்தானே தெரியும்.

அரசுக்கும் இந்த மொழிநடை பிடித்துப்போயிற்று. 2015-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு வரைவு ஆய்வறிக்கை வெளியிட்டது. குடிநீர் கெட்ட நிகழ்வுகள் உள்ளே ஒவ்வொன்றாகப் பதிவாகியிருந்தன. முகப்பிலோ, பரவலான, முறைமை சார்ந்த பாதிப்புக்கான ஆதாரம் காணோம் என்றிருந்தது. கம்பெனியார் முகப்பை மட்டும் படித்தார்கள். முகமையின் சொந்த அறிவியல் ஆலோசகர்களே, இந்த வாக்கியத்தைத் தாங்கும் அளவுக்குத் தரவு இல்லையே என்று கேட்டார்கள். 2016 டிசம்பரில் வந்த இறுதி அறிக்கையில் அந்த வாக்கியம் இல்லை. ஆனால் ஒன்றரை வருடம் அது உழைத்த உழைப்பு போதும்; இன்றுவரை மேடைகளில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருக்கிறது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார்போல் சிலர்தான் விடாமல் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பென்சில்வேனியா சுகாதாரத் துறைக்காக அவர்கள் செய்த ஆய்வுகள் 2023-இல் வெளிவந்தன. கிணற்றிலிருந்து ஒரு மைலுக்குள் வளர்ந்த குழந்தைகளுக்கு லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, ஐந்து மைல் சுற்றளவில் கிணறே இல்லாத குழந்தைகளைவிட ஐந்து முதல் ஏழு மடங்கு. கிணறு வாயு எடுக்கும் காலத்தில் அருகில் இருப்பவர்களுக்கு ஆஸ்துமா முற்றுவதும் தெளிவாகத் தெரிந்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கும் கிணற்றுக்கும் அந்த ஆய்வில் தொடர்பு தென்படவில்லை. அதையும் இங்கே எழுதியாக வேண்டும், மெய்க்கீர்த்தியில் ஒரு வெற்றியையும் விட்டுவிடக்கூடாது.

தன் வீட்டுக்குப் பக்கத்தில் இந்தத் தொழில் வருவதை மறுத்துத் தியாகம் செய்தவரும் உண்டு. ரெக்ஸ் டில்லர்சன் எக்ஸான் மொபில் தலைவராக இருந்தபோது, டெக்சஸில் அவர் குடியிருந்த பார்ட்டன்வில் ஊரில் உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று வரவிருந்தது. அதிலிருந்து எரிவாயுக் கிணறுகளுக்குத் தண்ணீர் போகும், லாரிப் போக்குவரத்தும் இரைச்சலும் பெருகும் என்று அக்கம்பக்கத்தார் தொடுத்த வழக்கில் அவரும் ஒரு வாதி. 2014-இல் அந்தச் செய்தி வெளிவந்து நாடே சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இந்தத் தொழிலைப் பற்றி அவரைவிட விவரம் தெரிந்த சாட்சி வேறு யார் கிடைப்பார்?

ஒக்லஹோமாவின் நிலநடுக்கங்களுக்குத் தனிச் சாசனமே எழுதலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை ரிக்டர் 3-ஐத் தொட்ட மாநிலம், எண்ணெய், எரிவாயுக் கழிவுநீரை ஆழத்தில் செலுத்திச் செலுத்தி, 2015-இல் அப்படிப்பட்ட அதிர்வுகளை நூற்றுக்கணக்கில் பார்த்தது. தூங்கிக்கொண்டிருந்த பூமியை எழுப்பிவிட்ட புண்ணியம் சும்மா போகுமா?

நம் டெல்லிக்காரர்களும் நல்ல மாணவர்கள்தான். 2020 ஜனவரியில், எண்ணெய், எரிவாயு இருக்கிறதா என்று துளைத்துப் பார்ப்பதற்கு இனிப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அறிவிக்கை வெளியிட்டார்கள். காவிரிப் படுகையின் விவசாயிகள் மண்டபத்துக்கு வந்து வெயிலில் வரிசையில் நிற்கும் சிரமம் மிச்சம்.

இனித் தானக் கணக்கு. பென்சில்வேனியாவின் வடகிழக்கில் டிமாக் என்று ஒரு சின்ன ஊர். 2009 புத்தாண்டு அன்று அங்கே ஒரு வீட்டின் குடிநீர்க் கிணற்றில் சேர்ந்திருந்த மீத்தேன் வெடித்து, மேலே மூடியிருந்த கான்கிரீட் பலகையைப் பெயர்த்து எறிந்தது. பதினெட்டு வீடுகளின் தண்ணீரில் வாயு கலந்ததற்குக் கேபட் எண்ணெய் எரிவாயு நிறுவனமே பொறுப்பு என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை சொன்னது. அந்த மண்ணில் மீத்தேன் எப்போதும் இருந்ததுதான் என்றது கேபட். 2010-இல் ஊரைச் சுற்றி ஒன்பது சதுர மைலுக்குத் துளையிடத் தடை வந்தது. கேபட் சில வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது. 2011 இறுதியில் அரசின் சம்மதத்தோடு அதையும் நிறுத்திக்கொண்டது. 2020-இல் மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஜோஷ் ஷபிரோ கிரிமினல் வழக்குப் போட்டார், குற்றச்சாட்டுகள் பதினைந்து. அடுத்த ஆண்டே கேபட் இன்னொரு கம்பெனியோடு இணைந்து, கொட்டெரா என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டது.

2022 நவம்பர் 29 அன்று கொட்டெரா நீதிமன்றத்தில் ஒரே ஒரு சிறு குற்றத்துக்கு ‘மறுப்பில்லை’ என்றது. செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை. இந்த மெய்க்கீர்த்தியில் நான் கண்ட சொற்களிலேயே மிகச் சிக்கனமானது அதுதான். ஊருக்குப் புதுக் குடிநீர்க் குழாய் போட 1.63 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட வீடுகளின் தண்ணீர்க் கட்டணத்தை 75 ஆண்டுகளுக்குக் கட்டவும் இசைந்தது. மண்ணுக்கடியில் இலவசமாக வந்துகொண்டிருந்த தண்ணீருக்கு இனிமேல் ரசீதும் கிடைக்கும். அதே நாளில், மாநிலச் சுற்றுச்சூழல் துறை இன்னோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதன்படி, பன்னிரண்டு ஆண்டுகளாக மூடிக் கிடந்த அந்த ஒன்பது சதுர மைலில் கொட்டெரா மறுபடி வாயு எடுக்கலாம். கிணற்றின் வாய் மட்டும் எல்லைக்கு வெளியே இருக்க வேண்டும். படுக்கைவாட்டுக் குழாய் அடியில் போய்க்கொள்ளலாம்.