மஞ்சள் முக்கோணங்கள்

விண்டோஸ் 98 காலத்துக் கணினி அதிகம் பேசாது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று திரை நீலமாகும், வெள்ளை எழுத்தில் புரியாத எண்கள் சில வரும், அவ்வளவுதான். நடந்ததை எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவேடு அதில் கிடையாது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு சீனத் தவுக்கேயின் கடையில் நான் பழுது பார்க்கச் சேர்ந்த காலம் அது. சைபர்ஜெயா அப்போதுதான் தோட்டக்காட்டுக்குள் எழும்பிக்கொண்டிருந்தது. பழைய ஈய லம்பத்துப் பள்ளம் ஏரியாகி, அதன் கரையில் மைன்ஸ் பேரங்காடி வந்திருந்தது. எங்களிடம் வந்தவர்கள் பெரும்பாலும் புத்ரா பல்கலைக்கழக மாணவர்கள். மறுநாள் கொடுக்க வேண்டிய ஆய்வேடு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும்.

கணினி சொல்லாததால் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். தவுக்கே ஒரு வரிசை வைத்திருந்தார்: முதலில் மின்சாரம், அடுத்து சூடு, பிறகு நினைவகம், அப்புறம் வன்தட்டு, விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றுவது கடைசி. இதைத் தலைகீழாகச் செய்து காசு வாங்கிய கடைகளும் இருந்தன. புதிதாக ஏற்றினால் இரண்டு நாள் ஓடும். மூன்றாம் நாள் அதே இடத்தில் நிற்கும்.

உள்ளே கண்டதெல்லாம் இந்த மண்ணுக்கே உரியவை. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டில் பாதி நாளுக்கு மேல் இடி இடிக்கும். மாலை மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாக வந்து மோடத்தைக் கருக்கும்; சில சமயம் தாய்ப்பலகையையும் சேர்த்துக் கொண்டுபோகும். சாமி மேடைக்குப் பக்கத்தில் கணினி வைத்த வீடுகளில் ஊதுவத்திப் புகையும் தூசியும் சேர்ந்து விசிறியில் கம்பளி மாதிரி அப்பியிருக்கும். மின்வழங்கிக்குள் பல்லி செத்துக் கிடக்கும். 2000க்குப் பிறகு சில ஆண்டுகள் உலகம் முழுக்கவே வேறொரு நோய் பரவியது: தாய்ப்பலகையில் நிற்கும் சின்ன உருளை கெபாசிட்டர்கள், உள்ளிருக்கும் திரவம் சரியில்லாமல், தலை உப்பிப் பழுப்பாகக் கசிந்தன. தட்டையாக இருக்க வேண்டிய தலை மேடாக இருந்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. சில ரிங்கிட் பெறாத சாமான். பற்றவைக்கத் தெரிந்த கை இருந்தால் போதும்.

இப்போது கணினி ஓயாமல் பேசுகிறது. நிற்பது குறைந்துவிட்டது, பயம் கூடிவிட்டது. "அங்கிள், இங்க பாருங்க, நானூறு வார்னிங் இருக்கு. லேப்டாப் போகப்போகுதா?" என்று பக்கத்து வீட்டுப் பெண் புலனத்தில் படம் அனுப்புகிறாள். படத்தில் இருப்பது இன்றைய விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு: வரிசையாக மஞ்சள் முக்கோணங்கள், நடுநடுவே சிவப்பு வட்டங்கள். நிறையத் தென்படுவது 10016 என்ற எண். விண்டோஸின் ஒரு பகுதி இன்னொரு பகுதியை ஒரு வகையில் கூப்பிட்டுப் பார்க்கிறது. அனுமதி கிடைக்காவிட்டால் வேறு வகையில் கூப்பிட்டு வேலையை முடித்துக்கொள்கிறது. முதலில் கிடைத்த மறுப்பு பதிவாகிறது. இதை விட்டுவிடலாம் என்று மைக்ரோசாஃப்டே எழுதிவைத்திருக்கிறது. அதைச் சரிசெய்கிறேன் என்று ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து, நல்ல கணினியைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிவப்பில் பயமுறுத்துவது கெர்னல்-பவர் 41. பெயரில் 'பவர்' இருப்பதால் மின்வழங்கியை மாற்றிவிடுகிறார்கள். அது, கணினி மறுபடி எழுந்த பிறகு எழுதிக்கொள்ளும் குறிப்பு: போன முறை முறையாக மூடப்படவில்லை. ஏன் என்று அதற்குத் தெரியாது. மின்சாரம் போனாலும், பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும், சூட்டில் நின்றாலும் அதே 41தான்.

நான் செய்வது இதுதான். கணினி எத்தனை மணிக்கு நின்றது என்று கேட்பேன். அதற்குச் சற்று முன் பதிவான எச்சரிக்கை, கணினி நன்றாக ஓடிய நாட்களிலும் வந்திருக்கிறதா என்று பார்ப்பேன். வந்திருந்தால் பெரும்பாலும் காரணம் அதுவல்ல. வன்தட்டில் பழுதான பகுதி என்றோ, டபிள்யூஎச்ஈஏ-லாகர் என்ற பெயரில் வன்பொருள் பிழை என்றோ இருந்தால் விடக்கூடாது. முதல் வேலையாகக் கோப்புகளை நகலெடுத்துவிட வேண்டும். 41ஐத் தவிர வேறொன்றும் பதிவாகாமல் சட்டென்று அணைகிறதா? பதிவேட்டை மூடிவிட்டுத் தவுக்கேயின் வரிசைக்குப் போகலாம். நினைவகத்தின் மேல் சந்தேகம் என்றால் மெம்டெஸ்ட்டை இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும், நினைவகத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதிக்க வேண்டும்.

பெரிய அடி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதும் இல்லை. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு கோப்பு, உலகமெங்கும் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. கேஎல்ஐஏவில் ஏர்ஏசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். கேடிஎம் டிக்கெட் விற்பனையும் தடைபட்டது. முந்தின நாள் வரை அந்தக் கணினிகளில் சேர்ந்திருந்த மஞ்சள் முக்கோணம் எதுவும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

என் கவலை இன்னொன்று. "மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம்" என்று தொலைபேசியில் வரும் மோசடிக்காரர்கள் பல ஆண்டுகளாக இந்தப் பதிவேட்டையே ஆயுதமாக வைத்திருக்கிறார்கள். வீட்டுப் பெரியவரையே அதைத் திறக்கச் சொல்வார்கள். மஞ்சளும் சிவப்பும் கொட்டிக் கிடப்பதைக் காட்டி வைரஸ் என்பார்கள். பிறகு கணினியைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி வாங்கி, வங்கிக் கணக்குவரை போய்விடுவார்கள். அன்று ஊமையாக இருந்த கணினியைக் காட்டி இப்படி ஏமாற்ற வழியே இல்லை.

ஆகவே உங்கள் வீட்டு அப்பா, அம்மா, தாத்தாவுக்கு அந்தப் பதிவேட்டை நீங்களே ஒருமுறை திறந்து காட்டுங்கள். நன்றாக ஓடும் விண்டோஸ் கணினியிலும் இந்த மஞ்சளும் சிவப்பும் இருக்கும் என்று சொல்லிவையுங்கள். கேட்காமல் மைக்ரோசாஃப்ட் யாரையும் கூப்பிடாது என்பதையும் சொல்லுங்கள். அப்படியும் பணம் போய்விட்டால் காத்திருக்க வேண்டாம். உடனே தேசிய மோசடி நடவடிக்கை மையத்தை 997 என்ற எண்ணில் அழையுங்கள்.