மலை இல்லாத ஊரில் மலை கிரவுன்

சாக்பீஸ் ஒன்று போதும். காரின் பின்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரில் ஒரு கோடு, புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் ஒரு கோடு. இரண்டு பின் டயர்களும் சேர்ந்தே சுழலும்படி ஒருவர் டயரைக் கையால் சரியாக ஒரு சுற்றுச் சுற்ற, இன்னொருவர் அடியில் படுத்து ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். 1986 ஏப்ரலில், டெட்ராய்ட்டை ஒட்டிய ஹேசல் பார்க்கில் ஒரு வாடகை வீட்டுக் கராஜில், அடியில் படுத்திருந்தவன் நான். டயரைச் சுற்றியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். கோடு மூன்று முறை வந்து போய், கால் சுற்றும் தாண்டி இன்னும் கொஞ்சம் நகர்ந்து நின்றது.

"மூணு முப்பத்தொண்ணு" என்றார் அவர், குனிந்துகூடப் பார்க்காமல். டிஃபரன்ஷியலுக்குள் 43 பல் கிரவுன் சக்கரம், அதைச் சுற்றும் 13 பல் பினியன். ஹாம்ட்ராமிக்கில் இருந்த செவ்ரோலே கியர் அண்ட் ஆக்சில் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் பேரப்பிள்ளைகளின் வயதைவிடப் பல் எண்ணிக்கைகளை நன்றாக நினைவில் வைத்திருந்தார்.

வண்டி 1969 செவெல் எஸ்.எஸ். 396. ஆறரை லிட்டர் எஞ்சின், காகிதத்தில் 325 குதிரை. புதிதாக விற்றபோது இளவட்டங்கள் வாய்பிளந்து நின்ற வண்டி; 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சீந்துவார் இல்லை. எனக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் டாலருக்கு, பின் மட்கார்டுத் துருவோடு கிடைத்தது. முன்பு வைத்திருந்தவர் எங்கிருந்தோ கழற்றி வந்த மன்சி எம்-21 கியர்பெட்டியைப் போட்டிருந்தார். அதன் முதல் கியர் 2.20. அதை 3.31-ஆல் பெருக்கினால் ஏழேகால். கிளம்பும்போது எஞ்சின் கொஞ்சம் முக்கத்தான் செய்யும். எனக்கு அது பெரிய மானப் பிரச்சினையாகப் பட்டது. உட்வர்ட் அவென்யூவின் சிக்னல்களில் அறுபதுகளில் பையன்கள் பந்தயம் விட்ட கதைகளைக் கேட்டுக் கேட்டு மண்டை கனத்திருந்தது. 4.10 போடுவது என்று முடிவு செய்தேன்.

"3.55 போடு. எல்லாத்துக்கும் ஆகும்" என்றார் பெரியவர்.

எல்லாத்துக்கும் ஆகும் என்கிற சொல்லே எனக்குக் கசந்தது. 3.55 என்பது எல்.ஐ.சி. பாலிசி எடுக்கிறவன் போடும் ரேஷியோ.

நாமக்கல்லில் லாரி ஓட்டிக்கொண்டிருந்த மாமாவுக்குப் பெருமை பொங்க எழுதினேன். இன்லண்ட் லெட்டர் அளவுக்கு மடித்த ஒரே தாளில் பதில் வந்தது. "கொல்லிமலைக்கு எழுபது கொண்டை ஊசி இருக்குது. பாரத்தோட ஏறோணும்னா பெரிய கிரவுன் வேணும், சரி. உங்க ஊர்ல மலை இருக்குதா மாப்ள?" டெட்ராய்ட் தோசைக்கல் மாதிரித் தட்டையான ஊர். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை.

கிரவுனையும் பினியனையும் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன். 4.10-இன் பினியனில் பத்தே பல், அதனால் அது உருவத்தில் சிறியது. அதைத் தொட கிரவுன் இன்னும் நெருங்கி உட்கார வேண்டும். கிரவுனைத் தாங்கும் கேரியர் 3.73 வரைக்கும் ஒன்று, 4.10-க்கும் அதற்கு மேலும் வேறொன்று. அதைத் தேடி ஜங்க்யார்டுகளில் மூன்று சனிக்கிழமைகள் போயின. டிஃபரன்ஷியல் மூடியைக் கழற்றியதும் இறங்கியது பதினேழு வருஷத்து ஆயில். கந்தகம் கலந்த கியர் ஆயில் எப்படி நாறும் என்பது கையில் பட்டவர்களுக்குத் தெரியும். அழுகிய முட்டையில் பட்டாசு வெடித்தது போல. அன்று போட்டிருந்த சட்டையை எத்தனை முறை துவைத்தும் பஸ்ஸில் பக்கத்து ஆள் எழுந்து போனார்.

பிறகு பெரியவர் கிரவுன் பற்களில் ஒரு மஞ்சள் பசையைச் சின்னத் தூரிகையால் தடவினார், நெற்றிக்குச் சந்தனம் வைக்கிற பக்குவத்தில். சக்கரத்தை முன்னும் பின்னும் சுற்றினால் பினியன் பட்ட இடத்தில் பசை விலகி ஒரு தடம் விழும். தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். நுனிக்குப் போனாலோ அடிக்குப் போனாலோ பினியனுக்குப் பின்னால் காகித கனத்தில் ஒரு ஷிம் சேர்க்க வேண்டும், அல்லது எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் பேரிங்கை அழுத்திக் கழற்றி, மறுபடி அழுத்திப் போட வேண்டும். இரண்டு பல்லுக்கும் இடையே இருக்கும் ஆட்டம் ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஆறிலிருந்து பத்து வரை. தடம் நான்காவது தடவையில் நடுவுக்கு வந்தது. அந்த மகிழ்ச்சியில் பினியன் நட்டை நான் முறுக்குகிறேன் என்று வாங்கி, அரைக்கால் திருப்பு அதிகமாக முறுக்கிவிட்டேன். உள்ளே கிரஷ் ஸ்லீவ் என்று ஒரு குழாய்த் துண்டு இருக்கிறது. அளவாக நசுங்குவதற்கென்றே பிறந்தது. அளவுக்கு மேல் நசுங்கினால் தளர்த்திப் பயனில்லை, தூக்கி எறிய வேண்டியதுதான். ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

கழற்றிய 3.31 ஜோடியை ஒரு பையனுக்கு இருபது டாலருக்குக் கொடுத்தேன். இடத்தை அடைக்கிறதே என்று.

அடுத்த இரண்டு வாரம் எனக்கு டெட்ராய்ட்வாசிகள் மேல் கடும் கோபம். நாட்டில் வேக வரம்பு 55 மைல். நான் முள்ளை 55-இல் ஆணியடித்தது போல வைத்து நெடுஞ்சாலையில் போகிறேன். பின்னால் வருகிற லாரி, வேன், பள்ளிக்கூடப் பஸ் எல்லாம் ஹார்ன் அடித்து முந்துகின்றன. சட்டத்தை மதிக்காத ஊர் என்று அறைத் தோழனிடம் புலம்பினேன். ஸ்பீடாமீட்டர் சக்கரத்தைப் பார்ப்பதில்லை, ஷாஃப்ட்டைத்தான் எண்ணுகிறது. ரேஷியோவை மாற்றினால் கியர்பெட்டியின் வால்பக்கம் இருக்கும் சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் பல்சக்கரத்தையும் மாற்ற வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. நான் போய்க்கொண்டிருந்தது 44 மைல்.

அதை மாற்றி உண்மையான 55-இல் போனபோது எஞ்சின் நிமிஷத்துக்கு 2900 சுற்றுக்கு மேல் அலறியது. உட்வர்டில் பச்சை விளக்குக்கு நான் பாய்ந்தது மொத்தம் ஆறேழு தடவை இருக்கும், அதில் இரண்டு தடவை பக்கத்தில் நின்றது டெலிவரி வேன். தினமும் வேலைக்குப் போக வர அறுபது மைல் நெடுஞ்சாலை. கேலனுக்கு எட்டு மைல் தாண்டவில்லை. 1988-இல் கல்யாணமாகி வந்த மனைவியைச் சிகாகோ கூட்டிப் போனேன். அதற்குள் ஊர்ப்புற நெடுஞ்சாலைகளில் 65 மைல் அனுமதித்திருந்தார்கள், எனவே 3400 சுற்று. ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் கத்திச் சொன்னாள், கத்தினால்தான் கேட்கும்: "என்னங்க, இன்னொரு கியர் போடுங்க!"

இல்லை என்றேன். "இவ்ளோ பெரிய வண்டில இல்லையா?"

பிறகு வேன் வந்தது, குழந்தை வந்தது. செவெல் தார்ப்பாய்க்குள் போனது. பெரியவர் போய்விட்டார். அவருடைய ஆலை 1994-இல் கைமாறி அமெரிக்கன் ஆக்சில் ஆனது. அந்த நிறுவனம் சென்னையில்கூட ஆலை வைத்தது. ஹாம்ட்ராமிக்கில் 2012-இல் கதவைச் சாத்தியது.

ஓய்வு பெற்றதும் தார்ப்பாயை எடுத்தேன். இப்போது ரேஷியோ தேர்ந்தெடுப்பது எளிது. வேகத்தை ரேஷியோவால் பெருக்கி, மறுபடி 336-ஆல் பெருக்கி, டயர் விட்டத்தால் வகுத்தால் எஞ்சின் சுற்று வந்துவிடும். 70 மைல், 26 அங்குல டயர், 4.10 என்றால் 3700. என் வயதுக்கார நண்பர்கள் பல ஆயிரம் டாலர் செலவழித்து, தளத்தகட்டை வெட்டி, ஐந்து கியர் பெட்டி பொருத்திக்கொள்கிறார்கள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன் சிகாகோ சாலையில் என் மனைவி இலவசமாகச் சொன்ன யோசனை அது. நான் கஞ்சன். அதோடு, வண்டி ஒரிஜினலாக இருக்க வேண்டும் என்ற புதுப் பக்தியும் வந்திருந்தது. ஒரிஜினல் 3.31-ஐ இருபது டாலருக்கு விற்றவனுக்கு வரக்கூடாத பக்தி.

3.08 போடச் சொன்னேன். நீண்ட பயணம் போவேன், அமைதியாகப் போவேன், மேல் மிச்சிகனுக்குப் போவேன். பட்டறையில் கேட்டைத் திறந்த பையனுக்கு என் மகள் வயது. "3.55 எல்லாத்துக்கும் ஆகும், சார்" என்றான். சிரித்துவிட்டேன். கேரியரை மறுபடி மாற்ற வேண்டியிருந்தது. பில் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. தடம் முதல் தடவையிலேயே நடுவில் விழுந்ததாம். படம் எடுத்து அனுப்பினான்.

அதற்குப் பிறகு வண்டி ஓடியது மொத்தம் நூற்றுச் சொச்சம் மைல். மேல் மிச்சிகனுக்கு மகளின் காரில் போய் வந்தோம், ஏசி இருக்கிறதே என்று. ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ். 1995-இல் ஃபெர்ண்டேலில் பிள்ளைகளின் கால்பந்து மைதானத்துக்குப் பணம் திரட்ட ஆரம்பித்தது. இப்போது பழைய வண்டிகள் எல்லாம் ஒரே நாளில் ஒரே சாலையில் இறங்கும் தேர்த் திருவிழா. வேகமும் தேரின் வேகம்தான். ஒன்பதாம் மைல் சாலையிலிருந்து பதின்மூன்றாம் மைல் சாலைக்கு ஒன்றரை மணி நேரம். முதல் கியரும் 3.08-உம் பெருக்கினால் ஏழுகூட இல்லை. அப்படிப்பட்ட வண்டியை நடைவேகத்தில் நகர்த்த ஒரே வழி கிளட்சைப் பாதி அமுக்கியபடியே தேய்ப்பது. நகர்வு, நிறுத்தம், நகர்வு. ராயல் ஓக் வரும்போது பிரேக் லைனிங்கும் கருகிய முடியும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. பக்கத்து வரிசையில் ஒரு ஜி.டி.ஓ. ஒரு முனகலும் இல்லாமல் ஊர்ந்துகொண்டிருந்தது. என்ன ரேஷியோ என்று கேட்டேன். "ஃபோர் டென்" என்றார் கிழவர். மெதுவாகப் போவதற்கு இதைவிட நல்லது கிடையாதாம்.

பதின்மூன்றாம் மைல் தாண்டி கிளட்ச் பிடியை விட்டது. டோ டிரக்குக்குச் சொல்லிவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். மின்கார் வைத்திருக்கிறாள். அதில் கியர்பெட்டி கிடையாது, ஒரே ஒரு குறைப்பு, சுமார் ஒன்பதுக்கு ஒன்று. அவள் வாங்கிய அன்றே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்: 2.20-ஐ 4.10-ஆல் பெருக்கினால் 9.02. அதாவது என் பழைய முதல் கியரிலேயே அவள் நாடு முழுக்கப் போகிறாள். 70 மைலில் மோட்டார் எட்டாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிறது; உள்ளே அவள் மெல்லிய குரலில் போனில் பேசிக்கொண்டிருப்பாள்.

அவள் காரில் திரும்பும் வழியில் ஒரு சிக்னல் பச்சையானது. பக்கத்து வரிசைக்கு மாறுவதற்காக லேசாக மிதித்தாள். என் பின்னந்தலை சீட்டில் போய் மோதியது. 1986-இல் மூன்று சனிக்கிழமை அலைந்து நான் தேடியது இதைத்தான்.

"இதுல ரேஷியோ ஒன்பது, தெரியுமா?" என்றேன்.

"அது நல்லதாப்பா?"

சட்டையில் இன்னும் கிளட்ச் வாசனை இருந்தது. ஜன்னலை இறக்கிக்கொண்டேன்.