செட்: ஸ்ரீவராகத்தில் ஒரு சொல்லாராய்ச்சி

ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு உரியது. 430-க்கு மேற்பட்ட பொருள்கள், ஏறக்குறைய 60,000 சொற்கள். (பிற்பாடு 'ரன்' 645 பொருள்களோடு ஓடி முந்திவிட்டது, அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பால்.) இத்தனை உழைத்தவர்களில் ஒருவராவது திருவனந்தபுரத்து ஸ்ரீவராகத்துக் குளக்கரையில் உட்கார்ந்து காது கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆகவே இக்கட்டுரை.

முதலில் பிறப்பு. ஆங்கிலத்தில் இது ஒரு சொல்லன்று, இரண்டு. 'உட்கார வை' என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினை ஒன்று. பின்பற்றுவோர் கூட்டம் என்னும் பொருளுடைய லத்தீன் 'செக்தா'விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த பெயர்ச்சொல் மற்றொன்று. வழியில் இரண்டும் ஒன்றோடொன்று கலந்துபோயின. "அந்தச் செட்டோடு சேராதே" என்று அப்பா திட்டினால் அது லத்தீன். "கான்கிரீட் செட் ஆகட்டும், கால் வைக்காதே" என்று மேஸ்திரி அதட்டினால் பழைய ஆங்கிலம்.

லட்சுமி வராகர் கோயில் குளப்படியில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர் கொதித்தார். "கட்டும் செட்டுமா குடித்தனம் பண்ணுன்னு எங்க பாட்டி சொன்னாளே, அவ என்ன வெள்ளைக்காரியா?" சிக்கனம் என்னும் பொருளில் செட்டு நம் சொல்தான், செட்டியாருக்கு உறவு, ஆக்ஸ்போர்டுக்கு அல்ல. ஆங்கிலேயன் அதைத் திருடினான் என்றார் பெரியவர், ஆதாரம் கேட்டேன். குளத்தில் முங்கிவிட்டார்.

இவ்வூரில் தலையாய செட், செட்டுமுண்டுதான். இடுப்புக்கு முண்டு ஒன்று, தோளுக்கு நேரியது ஒன்று, இரண்டுக்கும் ஒரே கரை. பக்கத்துப் பாலராமபுரத்தில் அதை நெய்யத் தொடங்கியவர்கள், பாலராமவர்மா மகாராஜா காலத்தில் (1798–1810) தமிழ்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய சாலியர்கள். லத்தீன் பெயர், தமிழ்த் தறி, மலையாள இடுப்பு.

இனி இவ்வாய்வின் கண்டுபிடிப்பு. தமிழர் இச்சொல்லைப் பெரும்பாலும் எதிர்மறையிலேயே ஆள்கிறோம்: அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது, இந்தச் சட்டை செட் ஆகலை. மலையாளிக்கு அது உடன்பாடு: பஸ் வந்தால் செட், கடன் கிடைத்தால் செட், கல்யாணம் நிச்சயமானால் செட்டாயி. ஸ்ரீவராகத்துத் தமிழ் வீட்டு வாசல்களில் இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன.

சான்று ஒன்று. ஓணத்துக்கு முதல்நாள், தேப்புக்கு, அதாவது இஸ்திரிக்கு, போன செட்டுமுண்டு திரும்பி வந்தது. என் அகத்துக்காரி பிரித்தாள். முண்டில் நாலு விரல் கசவு, அதாவது ஜரிகைக் கரை. நேரியதில் ரெண்டு விரல். யார் வீட்டு நேரியதோ.

"மாமீ, ரெண்டும் கசவல்லே? செட்டாயிக்கோளும்" என்றான் தேப்புக்காரன்.

"ஒண்ணு நாலு விரல், ஒண்ணு ரெண்டு விரல். எப்படி செட் ஆகும்?"

இருவரும் தீர்ப்புக்காக என் பக்கம் திரும்பினார்கள். ஆய்வாளன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பெரியவரைப் பின்பற்றிக் குளத்துக்குப் போய்விட்டான்.