சாஸ்திரியும் ஃபீட்பேக் படிவமும்

புனே ஹிஞ்சவடி ஐ.டி. பூங்காவில் நம்மூர்ப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. அப்ரைசல் நேரத்தில் ஹெச்.ஆர். ஒரு படிவம் அனுப்பும்: மேனேஜர் எதில் மேம்பட வேண்டும், மனம் திறந்து எழுதவும். நம்மவர்கள் அரைமணி யோசித்து, 'அவருடைய வழிகாட்டுதல் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கிடைத்தால் நன்று' என்று திறப்பார்கள்.

அதே ஊரில் நிஜமாகவே மனம் திறந்த ஒருவர் இருந்தார்: மராட்டிய ஆட்சியை நடத்திய பேஷ்வாக்களின் நீதிபதி ராம்சாஸ்திரி பிரபுணே. இளம் பேஷ்வா மாதவராவ் ஜபம், தியானம் என்று உட்கார்ந்துவிட, அரசு வேலை தேங்கியது. ஜபம்தான் பெரிதென்றால் பதவியை விட்டுவிட்டுக் காசிக்குப் போகலாம், துணைக்கு நானும் வருகிறேன் என்றார் சாஸ்திரி. பேஷ்வா ஜபத்தை விட்டுவிட்டார். நல்ல பாஸ், எல்லோருக்கும் அமையாது.

சாஸ்திரிக்கே அடுத்து அமையவில்லை. மாதவராவுக்குப் பின் வந்த பேஷ்வா நாராயணராவ் 1773இல் சனிவார் வாடா அரண்மனைக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். பதவிக்கு வந்த அவருடைய சித்தப்பா ரகுநாதராவ், இந்தக் கொலையில் தனக்குள்ள பங்குக்குப் பரிகாரம் உண்டா என்று விசாரித்தார். உண்டு, உங்கள் உயிர்தான் என்று சொல்லிவிட்டு, சாஸ்திரி ஊரைவிட்டே கிளம்பிவிட்டார். நோட்டீஸ் பீரியடெல்லாம் பார்க்கவில்லை. ரகுநாதராவின் நாற்காலி ஆட்டம் கண்டபின், அமைச்சர் நானா பட்னவிஸ் தரப்பு சாஸ்திரியைத் திரும்ப அழைத்து நீதிபதியாக்கியது.

ஹிஞ்சவடி நண்பரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சாஸ்திரிக்கு வீட்டுக் கடன் ஏதும் இருந்ததா சார்?" என்றார்.