போர்வைக் காண்டம்

சித்திரை வெயில் கொளுத்தும் சென்னைப் பட்டணத்தில், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மடிமீது மூன்று அடுக்குப் போர்வை ஒன்றைப் பரப்பி, நெற்றி வியர்வையை ஒரு கையால் துடைத்தபடி மறுகையால் அதைத் தைத்துக்கொண்டிருக்கும் மனிதனைக் காண்பவர்கள் அவனைப் பற்றி என்ன அபிப்பிராயம் கொள்வார்கள் என்பதை நான் அறியாதவனல்லன்; ஏனெனில் அந்த அபிப்பிராயத்தை அவர்கள் என் ஜன்னலுக்கு வெளியே நின்று சற்று உரக்கவே வெளியிடுகிறார்கள். 2003ஆம் வருஷம் மே மாதம் 31ஆம் தேதி இந்நகரத்தில் வெப்பம் 45 டிகிரியை எட்டியது. தை மாதத்து விடியற்காலையில்கூட அது 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கு மிகவும் தயங்கும். மார்கழியில் காதை மூடிக் கட்டிக்கொள்ளும் மப்ளர் ஒன்றைத் தவிரக் குளிரின் பொருட்டு யாதொரு செலவும் செய்து அறியாத ஊர் இது. இத்தகைய ஊரில் ஒருவன் போர்வை தைப்பதைப் பொழுதுபோக்காக மேற்கொள்வானாகில், அவனுடைய செய்கையில் உபயோகம் என்னும் களங்கம் சிறிதளவும் ஒட்டாது.

அரசாங்கக் கணக்கு அலுவலகம் ஒன்றில், பிறர் எழுதிய கணக்குகளில் குற்றம் காணும் உத்தியோகத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றவர்களுக்கென்று உலகம் சில காரியங்களை ஒதுக்கி வைத்திருக்கிறது: கடற்கரையில் வேகமாக நடப்பது, கோயில் திருப்பணிக் கமிட்டியில் சண்டை போடுவது, பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது ஆகியவை அவற்றுள் சில. நான் ஊசியை எடுத்தேன். சிறு சிறு துணித்துண்டுகளைக் கால் அங்குலம் உள்மடிப்பு விட்டு ஒன்றோடொன்று இணைத்து மேல்விரிப்பாக்கி, அதற்கும் அடித்துணிக்கும் நடுவில் மெல்லிய பஞ்சைப் பரப்பி, மூன்றும் பிரியாதபடி முழுப் பரப்பிலும் ஓட்டத் தையல் போட்டுக்கொண்டே போவதுதான் இந்த வித்தை. வங்காளத்தில் காந்தா என்றும், மகாராஷ்டிரத்தில் கோதடி என்றும், வடகர்நாடகத்தில் கவுதி என்றும் வழங்கும் இதற்கு நெருங்கிய உறவினர்கள் தேசமெங்கும் உண்டு. நம் வீடுகளிலும் பிள்ளை பிறக்கப் போகிறதென்றால் பாட்டிமார்கள் பழைய நூல் புடவையை நாலாக மடித்து ஓரம் தைத்துத் தயாராக வைத்துக்கொள்வதில்லையா? அதைப் பாட்டி செய்தால் சிக்கனம் என்கிறார்கள். நான் செய்தால், வேளைக்கு மாத்திரை சாப்பிடுகிறேனா என்று விசாரிக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் உண்மையான சிரமம் தையலில் இல்லை. துணி சம்பாதிப்பதில் இருக்கிறது. கடையில் புதுத்துணி வாங்கி, அதைத் துண்டு துண்டாக வெட்டி, மறுபடியும் ஒட்டுவது என்பது கணக்கு இலாகாவில் வளர்ந்தவனுடைய மனச்சாட்சிக்கு ஒவ்வாத காரியம். ஆகையால் பழந்துணியே கதி. பழந்துணியோ என் சம்சாரத்தின் பீரோவில் இருக்கிறது; அல்லது, இருக்கிறது என்று நான் கருதுகிறேன். அவளுடைய சித்தாந்தப்படி அந்தப் பீரோவில் பழைய புடவை என்று ஒன்று கிடையவே கிடையாது.

"இந்தச் சுங்குடி கிழிஞ்சிருக்கே?" என்று நான் மெதுவாக ஆரம்பிப்பேன்.

"அது பெரியவன் காது குத்துக்கு மதுரையிலே எடுத்தது. தொடாதீங்க."

"இந்தச் சின்னாளப்பட்டி?"

"அது எங்கம்மா கொடுத்தது."

"இது? நீயே பிடிக்கவில்லை என்று சொன்னாயே?"

"பிடிக்கலைன்னா வெட்டிடுவீங்களா? உங்க அக்கா வாங்கிக் கொடுத்தது. நாளைக்கு அவங்க வந்து கேட்டா நான் என்ன ஜோசியமா சொல்லுவேன்?"

இவ்வாறு ஒவ்வொரு புடவைக்கும் ஒரு ஸ்தல புராணம் இருப்பதைக் கண்டு பக்தியுடன் பீரோவை மூடிவிட்டு நான் திரும்புகிற சமயத்தில்தான், தெருவில், பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் கொடுக்கிற வியாபாரியின் குரல் கேட்கும். உடனே அந்தப் புராணங்கள் எல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கின்றன என்பது எனக்கு விளங்காத மர்மம். காது குத்துக்கு எடுத்த புடவையும், அக்கா கொடுத்த புடவையும், என்னுடைய அனுமதியின்றி என்னுடைய இரண்டு கால்சட்டைகளும் வாசற்படியில் குவிகின்றன. அரை மணி நேர வாக்குவாதத்தின் முடிவில், மூடி சரியாகப் பொருந்தாத ஒரு சம்படம் உள்ளே வருகிறது. எத்தனையோ டெண்டர்களைத் தணிக்கை செய்தவனாதலால், நான் ஒரு நாள் முறைப்படி போட்டியில் இறங்கி, வியாபாரி கொடுப்பதைக் காட்டிலும் ஒரு பங்கு பெரிய சம்படத்தை என் பென்ஷனிலிருந்து வாங்கித் தருவதாகவும், புடவைகளை எனக்கே ஒப்படைக்க வேண்டுமென்றும் பிரஸ்தாபித்தேன். சம்படம் வந்தது. புடவைகள் வரவில்லை. "நீங்க வாங்கிக் கொடுக்கிறதுக்கு நான் எதுக்குப் புடவை கொடுக்கணும்?" என்ற கேள்விக்கு நிதி விதிகளில் எந்த ஷரத்திலும் பதில் காணோம்.

எஞ்சியிருப்பது தையற்கடை. ரவிக்கை வெட்டியது போக மிஞ்சும் துண்டுகளைத் தையற்காரர் ஒரு சாக்கில் திணித்து வைத்திருப்பார். தலையணைக்கு அடைப்பதற்காக அவற்றை வாங்கிப் போகிறவர்கள் உண்டு. நான் அந்தச் சாக்கைக் கவிழ்த்து, நீலத்தை நீலத்தோடும் மஞ்சளை மஞ்சளோடும் பிரித்து, சிலவற்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஆராய்ந்து, சிலவற்றை நிராகரிப்பதைக் கண்ட அவர், "தலகாணிக்கு உள்ளே போறதுக்கு எந்தக் கலரா இருந்தா என்ன சார்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் பிரசித்தி பெற்ற நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1811ஆம் வருஷம் தம் தமக்கைக்கு எழுதிய கடிதத்தில், போர்வைக்குத் துண்டுத்துணி சேகரிக்க ஞாபகம் இருந்ததா, இல்லாமல் வேலை நின்று கிடக்கிறதே என்று விசாரித்திருக்கிறார். தாயாரும் புத்திரிகள் இருவருமாகத் தைத்த அந்தப் போர்வை, அவர்கள் வாழ்ந்த சாட்டன் கிராமத்து வீட்டில் இன்றும் இருக்கிறது. அவருக்கே துணித் தட்டுப்பாடு ஏற்பட்டதென்றால் நான் சாக்கைக் கவிழ்ப்பதில் என்ன அவமானம்?

இப்போது என் கைவசம் மூன்று போர்வைகள் நிர்மாணத்தில் இருக்கின்றன. மூன்றில் மூத்தது அறுகோணப் போர்வை. தடித்த காகிதத்தை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்துத் தற்காலிகத் தையல் போட்டு, இப்படிச் செய்த கட்டங்களை விளிம்போடு விளிம்பாக இணைத்து, ஆறு புறமும் அண்டைக்கட்டம் சேர்ந்த பிறகு காகிதத்தை உருவிவிட வேண்டும். இங்கிலாந்தில் நெடுங்காலமாக வழங்கும் முறை இது. 1718ஆம் வருஷத்தைத் தன்மேலேயே தைத்துக்கொண்டிருக்கும் பட்டுப் போர்வை ஒன்று, காகிதத்தின்மேல் துணியை மடிக்கும் இதே முறையில் ஆனது. அந்நாட்டுப் போர்வைக் கலைஞர்களின் சங்கம் அதை வாங்கிப் பாதுகாத்து வருகிறது. இந்த முறையில் தொடங்கி, யாதோ காரணத்தால் முடிக்காமல் விட்டுப்போன பழம்போர்வைகளின் முதுகில் காகிதங்கள் அப்படியே தங்கியிருக்குமாம். அவை பழைய கடிதங்களும், செய்தித்தாளும், கடைக் கணக்கும், பையன்களின் கையெழுத்துப் பயிற்சியுமாக இருப்பதால், சரித்திர ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் படித்துத்தான் போர்வையின் காலத்தை நிர்ணயம் செய்கிறார்கள். இதிலிருந்து, போர்வையை முடித்துவிடுகிறவன் சரித்திரச் சான்றுகளை அழிக்கிறான் என்பது தெற்றென விளங்கும். நான் அப்படிப்பட்ட துரோகத்தைச் செய்ய மாட்டேன் என்று என் சம்சாரத்திடம் சொல்லியிருக்கிறேன். "அதுதான் தெரியுதே," என்றாள்.

காகிதத்துக்கு எனக்குக் குறைவில்லை. கல்யாணப் பத்திரிகையைப்போல் அறுகோணத்துக்கு ஏற்ற வஸ்து உலகத்தில் வேறு கிடையாது. வருஷத்துக்கு வருஷம் அதன் கனம் கூடிக்கொண்டே வருவது தம்பதிகளுக்கு எப்படியோ, எனக்குப் பெரிய அனுகூலம். ஆகையால் என் போர்வையின் முதுகைத் திருப்பிப் பார்ப்பவர்கள், ஒரு கட்டத்தில் பிள்ளையார் தும்பிக்கையையும், அடுத்ததில் மணமகனுடைய பட்டத்தின் பாதியையும், அதற்கடுத்ததில் மின்சாரக் கட்டண ரசீதின் கடைசி எண்களையும் காணலாம். இருநூறு வருஷங்களுக்குப் பிறகு இதைப் பரிசோதிக்கப்போகும் அறிஞர், எங்கள் காலத்து மக்கள் மின்சார வாரியத்தைக் குலதெய்வமாகக் கொண்டு விவாகம் நடத்தினார்கள் என்று எழுதினால் அதற்கு நான் ஜவாப்தாரியல்லன்.

இரண்டாவது, வடகன்னட மாவட்டத்துக் காட்டுப்பகுதிகளில் வாழும் சித்தி இனத்துப் பெண்கள் தைக்கும் கவந்தி என்னும் போர்வையைப் பார்த்துத் தொடங்கியது. ஆப்பிரிக்க வமிசத்தவர்களான இப்பெண்கள் விளிம்பின் ஒரு மூலையில் தொடங்கி, கைக்கு வந்த துண்டை வைத்துத் தைத்தபடியே சுற்றிச் சுற்றி நடுமத்திக்கு வருகிறார்கள். முன்கூட்டி வரைபடம் கிடையாது. முடிவில் நான்கு மூலைகளிலும் மடித்துத் தைக்கும் முக்கோணப் பூ இல்லாவிட்டால் அந்தப் போர்வையை அவர்கள் பூர்த்தியானதாகவே ஒப்புக்கொள்வதில்லை. வரைபடமின்றி வேலை செய்வது என்னைப் போன்ற பழைய உத்தியோகஸ்தனுக்கு ஒருவகைச் சொர்க்கம். பூ விஷயத்தைப் பற்றி இப்போதைக்குக் கவலையில்லை. நடுமத்தி இன்னும் வெகு தூரத்தில் இருக்கிறது.

மூன்றாவது மதராஸ் கட்டத் துணி. இதில் சாயம் போகும். உப்பு நீரில் ஊற வைத்துச் சோதித்ததில், வாளியே சிவந்துவிட்டது. 1960ஐ ஒட்டிய வருஷங்களில் இந்தத் துணி அமெரிக்காவுக்குப் போனபோது, சாயம் போவதையே அதன் மகிமையாக விளம்பரம் செய்து, ஒவ்வொரு சலவையிலும் புது வர்ணம் காணலாமென்று அங்குள்ளவர்களை வாங்க வைத்துவிட்டார்கள். பல கட்டத் துண்டுகளை ஒட்டித் தைத்த கால்சட்டைகளை அவ்வூர்க் கனவான்கள் பெருமையுடன் அணிந்திருக்கிறார்கள். இதை நான் சிலாகித்துச் சொன்னபோது என் சம்சாரம், "போன மாசம் உங்க வெள்ளை வேட்டி ரோஸ் கலர் ஆச்சே, அப்ப மட்டும் ஏன் கத்தினீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தையல் நடைபெறும் நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இத்தொழிலில் ஊசியின் நம்பர் ஏற ஏற ஊசி மெலிகிறது. பத்தாம் நம்பர் ஊசியின் கண், இருக்கிறது என்று நம்பி வாழ வேண்டிய வஸ்துக்களில் ஒன்று. நூலைத் தேன்மெழுகில் ஓட்டினால் சுலபமாகக் கோக்கலாம் என்பார்கள். நான் பேத்தியிடம் கொடுத்துவிடுகிறேன். ஒரு ஊசிக்கு ஒரு கடலை மிட்டாய் என்று ஆரம்பித்த ஒப்பந்தம், என் பார்வை மங்குகிற வேகத்தை அந்தக் குழந்தை கவனித்துவிட்டபடியால், இப்போது சாக்லேட்டுக்கு உயர்ந்திருக்கிறது. அங்குலத்துக்குப் பத்துத் தையல் போடுகிறவர்களைக் கைதேர்ந்தவர்கள் என்பார்கள். சாக்லேட் விலையைக் கருதி, ஒரு முறை கோத்த நூலை நெடுந்தூரம் ஓட்டவேண்டியிருப்பதால், நான் ஆறோடு திருப்தி அடைகிறேன். மாலையில் விளக்கு வைத்த பிறகு ஊசியைத் தொடக்கூடாது, லக்ஷ்மி போய்விடுவாள் என்பது வீட்டுச் சட்டம். பென்ஷன்காரன் வீட்டிலிருந்து அவள் எதை எடுத்துக்கொண்டு போகப்போகிறாள் என்று நான் வாதாடியதில்லை. கீழே விழுந்த ஊசியை இருட்டில் யாருடைய கால் கண்டுபிடிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். "இதெல்லாம் வெள்ளைக்காரன் வித்தை, சார்" என்று அவர் ஒரு நாள் ஆக்ஷேபித்தார். கோரமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிப் போன பூவேலைச் சீட்டித் துணிகளில் மோகங்கொண்டு ஆங்கிலேயர் பித்துப் பிடித்து அலைந்ததையும், தங்கள் நெசவாளர் கதறியபடியால் 1700ஆம் வருஷத்தில் அதன் இறக்குமதியைத் தடுத்து, 1721இல் வர்ணம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே சட்டவிரோதமாக்கியதையும், இத்துணிகளிலிருந்து பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்து எடுத்து வெறுந்துணியின்மேல் வைத்துத் தைத்துப் போர்வை செய்வது அந்நாட்டுச் சீமாட்டிகளின் வழக்கமானதையும் அவருக்கே நான் எடுத்துரைக்கும்படி ஆயிற்று. நம் கரையின் துணி இல்லாவிட்டால் அவர்களுக்கு ஏது பூப்போர்வை? ஆசிரியர் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "சரி, இதை எப்ப முடிப்பீங்க?" என்று கேட்டார். தர்க்கத்தில் தோற்றவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

என் சம்சாரத்தின் கேள்வி வேறு: "இது என்ன விலை போகும்?" இதற்கு நான் ஹாரியட் பவர்ஸ் அம்மையாரின் கதையைச் சொல்வது வழக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில் 1837இல் அடிமையாகப் பிறந்த அந்த அம்மையார், விவிலியக் கதைகளைத் துணிச் சித்திரங்களாகத் தைத்த போர்வையை 1886ஆம் வருஷம் ஒரு பருத்திக் கண்காட்சியில் வைத்தார். விலைக்குக் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டார்; பின்னர் கஷ்ட காலத்தில், பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குத்தான் கொடுக்க முடிந்தது. இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதைக் கேட்டவுடன் கலைஞரின் பெருமையை எண்ணி அவள் உருகுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெகுநேரம் பேசாமலிருந்து, பிறகு, "பாவம், அந்தம்மா. பாதி விலைக்கு அடிச்சுட்டாங்களே!" என்றாள். மறுநாள் என் துணிக் கூடையில், யார் வைத்தது என்று தெரியாமல், காது குத்துச் சுங்குடியின் முந்தானை மட்டும் கிடந்தது.

போன வாரம் மினசோட்டாவிலிருந்து என் தங்கை மகள் கடிதம் எழுதியிருந்தாள். அங்கே குளிரில் ஏரிகள் உறைந்து, அவற்றின்மேல் மோட்டார் வண்டி ஓட்டுகிறார்களாம். "மாமா, நீங்கள் போர்வை தைக்கிறீர்களாமே, குளிர்காலம் வருவதற்குள் எனக்கு ஒன்று அனுப்ப வேண்டும்" என்று கேட்டிருந்தாள். உபயோகம் என்னும் களங்கம் கடல் கடந்தும் துரத்துகிறதே என்று சிறிது கலங்கினேன். பிறகு, தணிக்கைக்காரன் படிக்கிற முறையில் கடிதத்தை இன்னொரு முறை நிதானமாகப் படித்துப் பார்த்துவிட்டு, குளிர்காலத்துக்குள் அவசியம் அனுப்பி வைப்பதாக அன்றைய தபாலிலேயே பதில் எழுதிவிட்டேன். எந்த வருஷத்துக் குளிர்காலம் என்று அவள் குறிப்பிடவில்லை.