ஒரே நுகத்தில் இரண்டு ஜெனரேட்டர்

கேள்வி: ஏனுங்க, ரைஸ் மில்லுக்கு 500 கே.வி.ஏ.-ல ஒண்ணு போடறதா, 250-ல ரெண்டு போட்டு ஜோடி சேர்க்கறதா? கூட்டினா ரெண்டும் ஒண்ணுதானுங்களே?
- அரிசி ஆலைக்காரர், காங்கேயம்

பதில்: கூட்டிப் பார்த்தால் ஒன்றுதான், ஓட்டிப் பார்த்தால் வேறு. பகலில் அரவை, எலிவேட்டர், கலர் சார்ட்டர், கம்ப்ரஸர் எல்லாம் சேர்ந்து இழுக்கும்போது இரண்டும் தேவை. இரவில் டிரையர் விசிறி, பாய்லர் பம்பு, விளக்குகள் என்று 80 கிலோவாட்டுக்குள் லோடு அடங்கிவிட்டால், பெரிய செட் தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கோடுதான் உறுமிக்கொண்டிருக்கும். டீசல் இன்ஜினுக்கு அந்த வெட்டி ஓட்டம் ஆகாது. 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓடினால் சிலிண்டர் சரியாகச் சூடேறாது. எரியாத டீசலும் கரியும் கலந்து சைலன்சர் குழாய் இணைப்பில் கறுப்பாகக் கசியும். லிட்டருக்குக் கிடைக்கும் யூனிட்டும் குறையும். இரண்டு செட் இருந்தால் ஒன்றை அணைத்துவிடலாம். மற்றது 40 சதவீத லோடில் நிம்மதியாக ஓடும்.

ஒன்று பழுதானாலும் பாதி ஆலை நிற்காது. எந்தப் பாதி என்பதை ஆலைக்காரர்தான் முன்கூட்டியே பேனலில் எழுதிவைக்க வேண்டும். பாய்லர் பம்பும் டிரையரும் முதலில். அவித்த நெல் ஈரத்தோடு கிடந்தால் புளித்த வாடை ஏறிவிடும். அந்த மூட்டையை எந்த வியாபாரியும் தொடமாட்டார்.

கேள்வி: ஜோடி சேர்க்கறதுன்னா ரெண்டு கேபிளையும் ஒரே பஸ்பார்ல முடுக்கிட்டாப் போதாதுங்களா?
- எலக்ட்ரீஷியன், வெள்ளகோவில்

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஷாஃப்ட் முறியும், வைண்டிங் எரியும், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் ஜோடி பிடிப்பவர் உயரம், நடை, இழுவை எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுவார். இங்கும் அதேதான். வோல்டேஜ் ஒத்துப்போக வேண்டும், ஃப்ரீக்வென்சி 50-ல் ஒத்துப்போக வேண்டும், மூன்று ஃபேஸின் வரிசையும் அலையின் ஏற்ற இறக்கமும் ஒரே கணத்தில் பொருந்த வேண்டும். பழைய முறையில் இதற்கு மூன்று பல்புகளைக் கட்டுவார்கள். அவை மெல்ல மெல்ல ஒளிர்ந்து மங்கும். மூன்றும் முழுதாக இருண்ட நொடியில் பிரேக்கரைப் போட வேண்டும். இன்று அதைக் கன்ட்ரோலர் செய்கிறது. நுகம் பூட்டிய பிறகும் அதற்கு வேலை இருக்கிறது: கவர்னரைக் கொண்டு டீசலைக் கூட்டிக் குறைத்து இழுவையைச் சமமாகப் பங்கிடும். ஒரு மாடு படுத்துவிட்டால் மற்றது அதையும் சேர்த்து இழுக்குமே, அதுபோல ஓய்ந்த செட்டை மற்றது மோட்டாராகச் சுழற்றத் தொடங்கும். அப்போது வெட்டிவிடுவதுதான் ரிவர்ஸ் பவர் ரிலே. அது இல்லாத பேனலை வாங்கவே கூடாது.

ஒன்று விழுந்தால் ஒரே நுகத்தில் பூட்டியதையும் இழுத்துவிடும் என்ற பாடத்தை நாடே படித்திருக்கிறது. 2012 ஜூலை 31-ல் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின் தொகுப்புகள் சரிந்தபோது தெற்கு தப்பியது; அன்று தெற்குத் தொகுப்பு அவற்றோடு ஒரே தாளத்தில் கோக்கப்படவில்லை. ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கே.வி. பாதை வழியே அது சேர்ந்தது 2013 டிசம்பர் 31-ல்தான்.

கேள்வி: பழைய செட் ஒண்ணு கெடக்குதுங்க. அதுகூடப் புதுசு ஒண்ணைச் சேர்க்கலாமுங்களா?
- எண்ணெய் ஆலைக்காரர், முத்தூர்

பதில்: சேர்க்கலாம், செலவைக் கணக்குப் போட்டுவிட்டு. பழையதில் மெக்கானிக்கல் கவர்னர் இருந்தால் எலக்ட்ரானிக்காக மாற்ற வேண்டிவரும். இரண்டின் ஆல்டர்னேட்டர் வைண்டிங் பிட்ச் வேறு வேறாக இருந்தால் நியூட்ரலில் வீண் கரண்ட் சுற்றும். புதியதற்கு 800 கிலோவாட் வரை, 2023 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சி.பி.சி.பி. நான்கு பிளஸ் புகை விதி பொருந்தும்.

கேள்வி: கரண்ட் கட்டே இப்பக் கொறைஞ்சு போச்சு. இத்தனை செலவு எதுக்குங்க?
- பெயர் வேண்டாம் என்ற வாசகர், காங்கேயம்

பதில்: நியாயமான கேள்வி. கொங்கு முழுக்கப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருண்டு கிடந்த 2012 அல்ல இது. லோடு ஏறி இறங்காத ஆலை, மாதத்துக்குச் சில மணி நேரமே தடங்கல் என்றால் ஒற்றைச் செட் போதும்; ஜோடி சேர்க்கும் சிங்க் பேனலுக்கான பணம் மிச்சம். மற்றவர்கள் ஓராண்டு ஈ.பி. பில்லில் அதிகபட்சத் தேவையைப் பார்த்து, பெரிய மோட்டாரின் ஸ்டார்ட்டரையும் கவனிக்கட்டும். நேரடி ஸ்டார்ட்டில் ஆறு மடங்கு வரை கரண்ட் இழுக்கும் மோட்டார், ஸ்டார்-டெல்டாவில் அதில் மூன்றில் ஒரு பங்குதான் இழுக்கும். பல இடங்களில் ஸ்டார்ட்டரை மாற்றினாலே ஜெனரேட்டர் அளவு இறங்கிவிடுகிறது. கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், முழு லோடில் இரண்டும் ஓடும்போது ஒரு செட்டின் பிரேக்கரை இறக்கச் சொல்லி, பாய்லர் பம்பு நிற்கிறதா ஓடுகிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும்.