தாந்தி அவுகுரி, நைனா!

இன்னா நைனா, கவரப்பேட்ட டீக்கடையில குந்திக்கினு 'புவொன் கொம்ப்ளெயான்னோ'ன்னு முணுமுணுக்கிறியே, பேய் ஓட்டுறியா? ஓகோ, கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு மிசினு மாட்ட வந்த இத்தாலிக்கார இன்ஜினியருக்குப் பொறந்த நாளா! படி, படி. பெத்த அப்பன் பொறந்த நாளு எப்பன்னா ஆதார் கார்டத் தேடுற ஆளு நீ, அவனுக்காவது ஒழுங்கா சொல்லு.

ஆனா அவ்ளோ நீட்டு வார்த்தைக்கு நாக்கைச் சுளுக்கிக்காதே. 'தாந்தி அவுகுரி', அவ்ளோதான். மொய்க்கவருல நூத்தியோரு ரூவா மாதிரி, பொறந்த நாளு, கல்யாண நாளு, எல்லாத்துக்கும் செல்லும். ஒண்ணு மட்டும், மொத நாளே சொல்லித் தொலைக்காதே. நாம ராத்திரியே வாட்சப்புல 'அட்வான்ஸ்' வாழ்த்து தட்டுறோமே, அங்க அது அபசகுனம்.

பூ விஷயத்துலயும் உஷாரா இரு. பாசம் பொங்கி சாமந்தி மாலைய அவன் கழுத்துல போட்டுடாதே. அவுங்க ஊர்ல அது கல்லறைக்குப் போற பூ; நவம்பர் 2, செத்தவங்களை நெனைக்கிற நாளு, அன்னிக்கு வாங்குவாங்க. நீ மாலை போட்டா, 'போய்ட்டு வா சாமி'ன்னு வழியனுப்புறேன்னு எடுத்துக்குவான். அப்புறம் கேக்குக்குத் தலைக்கு நூறுன்னு வசூலும் கெளப்பாதே. அங்க பொறந்த நாளுக்காரன்தான் மத்தவங்களுக்கு வாங்கித் தரணும். வாழ்த்திட்டு வாயைத் தொறந்துக்கினு நில்லு, போதும்.

கல்யாண நாளு கணக்கு வேற. 25-க்கு வெள்ளி, 'நோத்சே தார்ஜெந்தோ'. 50-க்குத் தங்கம், 'நோத்சே தோரோ'. சர்க்கரை பூசின பாதாம அஞ்சஞ்சா எண்ணி, சின்னத் துணியில முடிஞ்சி குடுப்பாங்க. ஆரோக்கியம், செல்வம், சந்தோஷம், புள்ளகுட்டி, நீண்ட ஆயுசு, அஞ்சுக்கு அஞ்சு. நம்ம தாம்பூலப் பையில தேங்கா சிறுசா இருந்தாலே ரெண்டு தலைமொறைக்குப் பேச்சு வார்த்த நின்னுடும். அவன் அஞ்சு பருப்புல சம்பந்தியையே சமாளிச்சுடறான்!

உங்க பெரியப்பா அறுபதாம் கல்யாணத்துக்கு அவன இட்டாந்தா, பாத்துப் பேசு. திருக்கடையூர்க் கணக்கு புருசனோட வயசு. அவன் கணக்கு கல்யாணத்தோட வயசு. 60-ன்னா அவனுக்கு வைரம். மாத்திச் சொன்னியோ, பெரியம்மாவுக்கு எம்பது வயசுன்னு முடிவு கட்டிடுவான். அப்புறம் பந்தியில உன் எலைக்கு வடை வராது.

பயப்படாதே. அந்த ஊர்ல 1680-ல பொறந்த பெஸ்கின்னு ஒரு பாதிரியாரு இங்க வந்து தமிழு படிச்சாரு, நம்ம வீரமாமுனிவரு. தேம்பாவணி பாடுனாரு, 1732-ல சதுரகராதின்னு அகராதியே போட்டாரு. அவரு எழுதுன கதையில பரமார்த்த குருவுக்கு அஞ்சே அஞ்சு மட்டி சீடன வச்சாரு. உன்னப் பாத்திருந்தா ஆறாக்கியிருப்பாரு.

அது இருக்கட்டும், உனக்கு வேண்டிய வார்த்தைய வுட்டுட்டியே! ஆகஸ்ட் 15, நமக்கு சுதந்திர தினம். அவனுக்கு ஃபெர்ரகோஸ்தோ, ரோமாபுரி அகுஸ்துஸ் ராசா காலத்துலருந்து வர்ற லீவு. ஊரே கடைய இழுத்து மூடிட்டுக் கடலுக்குப் போயிடும். அன்னிக்கு ஓவர்டைம்னு எவனாவது கூப்ட்டா, இத்தாலிக்காரன் பின்னாடி நின்னுக்கினு 'புவொன் ஃபெர்ரகோஸ்தோ'ன்னு ஒரு கும்புடு போடு. அவனத் திட்ட முடியாது பாரு.